முதல் மனு வைபவம்

படபடவென்று சரவெடி வெடித்தது. வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த தங்கமணிக்குத் தூக்கிவாரிப் போட்டதில் பாதி டீ புடவையில் கொட்டிவிட்டது. எதிர்ச்சாரியில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் ஓட, அதற்காக நின்ற டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

வழியில் போனவர்கள் யாரோ பெரிய கேஸ் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். தங்கமணிக்கு விஷயம் தெரியும். வழித்துணை சட்ட உதவி மையத்தில் இன்றைக்கு இரண்டு பேர் புதிதாக வேலைக்குச் சேர்கிறார்கள். அதற்குத்தான் இத்தனை வெடி.

"வேலைக்கு வர்றதுக்கே வெடின்னா, வேல செஞ்சா இன்னா போடுவாங்க? பீரங்கியா?" என்றாள், புடவையை உதறிக்கொண்டே.

"மெதுவா பேசுங்கக்கா. உள்ள வந்து உக்காருங்க, போட்டோவுல கூட்டம் தெரியணும்" என்று ஆபீஸ் மேனேஜர் ஜெயசுதா அவள் தோளில் ஒரு பேட்ஜைக் குத்தினாள். மஞ்சள் ரிப்பன், நடுவில் அச்சடித்த எழுத்து: 'பயனாளி'.

தங்கமணி அதைக் குனிந்து பார்த்தாள். ஆறு வருஷமாக இந்த ஆபீஸ் படியேறுகிறாள். கிடைத்த பயன் என்னவென்று யோசித்தாள். விழாவுக்கு விழா ஒரு பொட்டலம் பிரியாணி. அதிலும் போன தடவை முட்டை இல்லை.

அவளுக்குக் கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அப்பால் ஒரு குக்கிராமம். ஓடையோரச் சரிவில் இரண்டு ஏக்கர். மாமனார் காலத்திலிருந்து சாமையும் மரவள்ளியும் போட்டுச் சாப்பிடுகிற நிலம். அதற்கு உரிமை கேட்டுப் போட்ட மனுவை, 'ஆதாரம் போதவில்லை' என்று ஒரு வரியில் கோட்ட அளவிலான வன உரிமைக் கமிட்டி தள்ளிவிட்டது. தள்ளிய உத்தரவு கைக்கு வந்த அறுபது நாளுக்குள் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு அவர் ஆபீசில் மேல்முறையீடு கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்க வேண்டும். இன்றைக்கு அறுபதாவது நாள். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குள் முத்திரை விழாவிட்டால், இரண்டு ஏக்கரும் போயிற்று என்று அர்த்தம்.

மனு தயாராகாமல் இல்லை. இருபது நாளைக்கு முன்னாலேயே பழைய வக்கீல் கவியரசன் டைப் செய்து, தங்கமணியிடம் கையெழுத்தும் வாங்கி, இயக்குநர் அறிவுச்செல்வனின் மேசையில் வைத்துவிட்டார். வைத்த கையோடு வேலையை விட்டுவிட்டு பெங்களூரு கம்பெனிக்குப் போய்விட்டார்.

"புது வக்கீல் வர்றாங்கம்மா. முதல் மனுவா உங்க மனுவ அவங்க கையால குடுத்துடலாம்" என்றார் அறிவுச்செல்வன், நெஞ்சில் கைவைத்து. எதைச் சொன்னாலும் அவர் கை நெஞ்சுக்குப் போய்விடும். டீ வேண்டும் என்று சொல்வதற்குக் கூட.

'முதல் மனு' என்பது வழித்துணையில் ஒரு சடங்கு. புதிதாகச் சேருகிற வக்கீல் மேடையில் நிற்பார். ஒரு பயனாளி மாலை போட்டு, தாம்பாளத்தில் வைத்த மனுவை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். வக்கீல் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். சாமிக்குப் படைத்ததைப் போல மனுவையும் படைத்துவிட்டுத்தான் கொண்டுபோவார்கள்.

அந்த மாலை போடும் பயனாளி எப்போதும் தங்கமணிதான். மலையிலிருந்து வந்தவள், நல்ல உயரம், போட்டோவில் கம்பீரமாக விழுகிறாள் என்று ஜெயசுதா கண்டுபிடித்திருந்தாள். இதுவரை நான்கு வக்கீல்களுக்கு மாலை போட்டாயிற்று. முதலாமவர் நீதிபதி பரீட்சை எழுதப் போனார். இரண்டாவது வந்த பெண் கல்யாணம் முடிந்து திரும்பவில்லை. மூன்றாமவர் ஒரே ஒரு தடவை மலைக்கு வந்தார். கொண்டை ஊசி வளைவுக்கு ஒன்றாக வாந்தி எடுத்து, ஊர் வந்து சேர்ந்ததும் கட்டிலில் படுத்தவர், மறுநாள் முதல் பஸ்சில் மலையிறங்கிப் போய்விட்டார். நான்காவது கவியரசன். போனவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் முதல் நாளில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உங்க பிரச்சினை என்னன்னு முதல்லேருந்து சொல்லுங்க."

சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவளுக்கு நடவுப்பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது.

விழா பத்து மணிக்கு என்று ஃபிளெக்ஸில் போட்டிருந்தது. ஃபிளெக்ஸில் அறிவுச்செல்வன் ஆளுயரத்துக்கு நின்று வணங்கினார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில், புதிதாகச் சேரும் இருவரும் தபால்தலை அளவில் இருந்தார்கள். வரவேற்கிறவர் பெரிது, வருகிறவர் சிறிது. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது என்று தங்கமணி நினைத்தாள். வருகிறவர் போய்விடுவார்.

பதினொன்றானது. சிறப்பு விருந்தினரைக் காணோம். பன்னிரண்டும் ஆனது.

"சார்" என்று தங்கமணி எழுந்து போய் அறிவுச்செல்வனைப் பிடித்தாள். "இன்னிக்கு அறுபதாவது நாளு. மனுவ குடுங்க, நானே போய்க் குடுத்துட்டு வந்து மால போடுறேன். ஓடியா போயிடப் போறேன்?"

"எல்லாம் என் ஞாபகத்துல இருக்கும்மா. மூணு மணிக்கு நம்ம காருலயே எல்லாரும் போறோம். பத்திரிகைக்காரங்களையும் அங்கயே வரச் சொல்லிருக்கேன். நீங்க பதட்டப்படாதீங்க." கை நெஞ்சுக்குப் போனது.

"எனக்கு இன்னா பதட்டம்? எம் பயிருக்குத்தான் பதட்டம்" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு விருந்தினர் வந்தார். எங்கோ பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை இருபது நிமிஷம் கேட்டார். அப்புறம் அறிவுச்செல்வன் பேசினார். ஏழைகளின் கண்ணீர் என்று தொடங்கும்போது நிஜமாகவே அவர் கண் கலங்கியது. அந்தக் கண் எந்த வரியில் கலங்கும் என்பது தங்கமணிக்கு இப்போது அத்துப்படி. 'கடைக்கோடி மனிதன்' என்றதும் கர்சீப் வெளியே வரும். வந்தது.

புதியவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். ஆவணப் பொறுப்புக்கு வந்த சுபாஷ் கழுத்தில் கேமராவோடு நின்று, "மக்களோட வலிய நான் பதிவு பண்ண வந்திருக்கேன்" என்றான். நல்ல வெளிச்சத்தில் வலித்தால் சௌகரியம் என்று சொல்லாமல் விட்டான்.

வக்கீல் கோகிலவாணி மூங்கில்துறைப்பட்டுக்காரி. இருபத்தைந்து வயசு இருக்கலாம். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க கத்துக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

'வந்துட்டாய்யா அஞ்சாவது' என்று தங்கமணி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கற்றுக்கொண்டு போனவர்கள் நான்கு பேர். கற்றுக்கொடுத்தவளுக்குப் பட்டா கிடைத்தபாடில்லை.

சாப்பாடெல்லாம் முடிந்து இரண்டரை மணிக்குத்தான் வைபவம் மேடையேறியது. ஜெயசுதா தாம்பாளத்தைத் தூக்கி வந்தாள். ரோஜா இதழ்களுக்கு நடுவில் மனு இருந்தது. தங்கமணி வக்கீலுக்கு மாலை போட்டாள். பிறகு மனுவை எடுத்தாள்.

காகிதம் வளையவில்லை. விரலில் வழுக்கியது. மேடை விளக்குப் பட்டுப் பளபளவென்று கண்ணில் அடித்தது.

"இன்னா சார் இது, ரேஷன் கார்டாட்டம் கீது?"

மைக் ஆன் செய்தே இருந்ததால் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

அறிவுச்செல்வன் பெருமையாகச் சிரித்தார். "லேமினேஷன்மா! நேத்து நானே கடையில நின்னு போட்டுக்கினு வந்தேன். ரெண்டு பக்கத்தையும் முதுகோட முதுகு வச்சு, ஒரே கவர்ல. ஆயுசுக்கும் கெடாது."

"அது சரி சார். முத்திரைய எங்க குத்துவாங்க?"

விருந்தினர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். ஜெயசுதா, "ஓரமா குத்தச் சொல்லலாம்..." என்று இழுத்தாள்.

"பிளாஸ்டிக்குல மை நிக்குமாம்மா? உங்க ஆபீசுல மாட்டி வைக்கவா நான் மனு எழுதுனது?"

"பிரச்சினையே இல்ல, நான் எடுத்துடறேன்" என்று சுபாஷ் பாய்ந்து வந்தான். ஃபிளெக்ஸ் கட்டிய கயிற்றை அறுத்த பிளேடு கையில் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்வதற்குள் ஓரத்தைக் கீறி, பிளாஸ்டிக்கைச் சர்ரென்று உரித்தான்.

பிளாஸ்டிக் வந்தது. அதோடு காகிதத்தின் மேல்தோலும் வந்தது. சர்வே எண் இருந்த வரி பாதி அங்கே, பாதி இங்கே. கீழே தங்கமணி பார்த்துப் பார்த்துப் போட்ட கையெழுத்தில் 'தங்' மட்டும் காகிதத்தில் மிஞ்சியது. 'கமணி' பிளாஸ்டிக்கோடு சுருண்டுகொண்டது.

"அப்படியே ஒரு ஜெராக்ஸ் எடுத்திருந்தா, அதுல புதுசா கையெழுத்துப் போட்டுருக்கலாமே..." என்றாள் கோகிலவாணி மெதுவாக.

"இத அவன் கீறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் தாயி. படிச்சவங்களுக்கெல்லாம் புத்தி பின்னால வர்ற பஸ்சுல வருது."

வேறு நகல் இருக்கிறதா என்று தேடினார்கள். டைப் செய்தது கவியரசனின் சொந்த லேப்டாப்பில். அது அவரோடு பெங்களூரு போய்விட்டது. போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. இத்தனைக்கும் சுவரில், 'ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று நகல்' என்று அறிவுச்செல்வன் கையெழுத்தோடு ஒரு போர்டு தொங்கியது. அதையும் லேமினேட் செய்திருந்தார்கள்.

மணி இரண்டு ஐம்பது.

அறிவுச்செல்வன் மைக்கை வாங்கினார். "சிறு தொழில்நுட்பத் தடங்கல். நிகழ்ச்சி தொடரும். அடுத்து விருந்தினர் சிறப்புரை."

தங்கமணி கோகிலவாணியின் மணிக்கட்டைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினாள். "வெள்ளத்தாளு இருக்குதா? பேனா? எழுதத் தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா."

"வாங்க அப்ப."

பின்னறையில் பிரியாணி அண்டாக்களுக்கு நடுவே, சுத்தமாக இருந்த ஒரே இடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். கோகிலவாணியின் கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. மேடையில் போர்த்திய பொன்னாடை அண்டாவில் தேய்ந்தது. ஜெயசுதா ஓடி வந்து பொன்னாடையை மட்டும் பத்திரமாக உருவிக்கொண்டு போனாள். அடுத்த தடவைக்கு வேண்டும்.

"உங்க பிரச்சினை என்னன்னு முதல்லேருந்து..." என்று ஆரம்பித்த கோகிலவாணி, தங்கமணி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. பெறுநர், மாவட்ட அளவிலான குழுத் தலைவர். அதுக்குக் கீழ பொருள். பொருள்ல சர்வே நம்பரு, விஸ்தீரணம், எல்லாம் வரணும்." அவள் எண்ணைச் சொன்னாள். நான்கெல்லையைச் சொன்னாள். கிராமசபைத் தீர்மானத்தின் தேதியையும், கமிட்டி உத்தரவின் எண்ணையும், அது கைக்கு வந்த நாளையும் சொன்னாள். எங்கே 'மேற்படி' வரும், எங்கே 'பணிவுடன்' வரும் என்பது முதற்கொண்டு சொன்னாள். பேனா பின்னால் ஓடியது.

"இவ்ளோ எப்படிக்கா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"நாலு வக்கீலுக்குப் பாடம் எடுத்தவ. எழுதுங்க, எழுதுங்க."

பாதிப் பக்கம் வந்தபோது ஜெயசுதாவின் தலை மறுபடியும் தெரிந்தது. "மேடம், குரூப் போட்டோ. சார் கூப்புடுறாரு. விருந்தினர் கிளம்பணுமாம்."

கோகிலவாணியின் பேனா நின்றது. வேலையில் சேர்ந்து முதல் நாள். கூப்பிடுவது முதலாளி. அவள் பாதி எழுந்தேவிட்டாள்.

"போங்க. போய் நில்லுங்க" என்றாள் தங்கமணி, முகத்தைக் கூடத் திருப்பாமல். "அந்த நாலு பேரும் அப்படித்தான் போனாங்க. போட்டோவுல எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. ஆளத்தான் காணோம்."

கோகிலவாணி நின்றவள் நின்றபடியே மாலையைக் கழற்றி ஜெயசுதாவின் கையில் கொடுத்தாள். "இத நடுவுல வச்சு எடுத்துக்கச் சொல்லுங்க மேடம்." உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

தங்கமணி தாளை அவள் பக்கம் நேராக நகர்த்தி வைத்தாள். அடுத்த வரியைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னாள்.

முடிவில், தங்கமணி சொல்லாத ஒரு வரியை அந்தப் பெண் தானாகச் சேர்த்தாள்: முடிவெடுக்கும் முன் மனுதாரரை நேரில் அழைத்து விசாரிக்க வேண்டும், அதுவரை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. அதை வாசித்துக் காட்டினாள். இதை ஏன் முந்தைய நான்கு பேரும் எழுதவில்லை என்று தங்கமணிக்குத் தோன்றியது. அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் இவளுக்கு இன்னொரு வரவேற்பு வெடி போட்ட மாதிரி ஆகிவிடும்.

"ஆபீஸ் ஆளுங்க எழுதுனா கோழி கிறுக்குனாப்ல இருக்கும். உங்க எழுத்து பரவால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு பிரதியும் எழுத வைத்து, இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். தள்ளிய உத்தரவின் ஜெராக்ஸ் அவள் பையிலேயே இருந்தது. அதை மட்டும் அவள் வழித்துணையில் யாரிடமும் கொடுத்து வைக்கவில்லை. கொடுத்திருந்தால் அதற்கும் பிளாஸ்டிக் போர்த்தியிருப்பார்கள்.

மணி நாலரை. காரைக் கேட்டார்கள். கார், விருந்தினரை ரயிலுக்குக் கொண்டுவிடப் போயிருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, இரண்டு டிரெய்லரோடு ஆடி ஆடி முன்னால் போனது. ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். டிராக்டர்காரர் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தார்.

"யோவ், மாமியா வூட்டுக்குச் சீர்வரிச எடுத்துக்கினு போறியா? ஒதுங்குய்யா!" என்று தங்கமணி ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். டிராக்டர் ஒதுங்கியது.

தபால் பிரிவு ஜன்னலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து முப்பத்தைந்து. உள்ளே இருந்த பெண் ஊழியர் கைப்பையை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்.

"நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்கு வந்தா அறுபத்தொண்ணு மேடம்" என்றாள் கோகிலவாணி. மனுவை ஜன்னலுக்குள் நீட்டினாள். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

ஊழியர் அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மனுவின் தேதியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு டிராயரைத் திறந்தார். டக், டக் என்று இரண்டு சத்தம். காலையில் வெடித்த அத்தனை வெடியும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

முத்திரை விழுந்த பிரதியை வாங்கித் தங்கமணி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஊதா மை இன்னும் ஈரமாக இருந்தது. விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாப் படியில் இறங்கி வந்து உட்கார்ந்தாள். கோகிலவாணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அந்த நேரத்தில் வழித்துணையின் கார் உள்ளே நுழைந்தது. அறிவுச்செல்வன் முன்சீட்டிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார். பின்னால் கேமராவோடு சுபாஷ்.

"விழுந்துடுச்சா? முத்திரை விழுந்துடுச்சா? எத்தன மணிக்கு?"

"அஞ்சு முப்பத்தெட்டு சார்" என்றாள் கோகிலவாணி.

"அருமை! அஞ்சு முப்பத்தெட்டு! சுபாஷ், அந்த மணியக் குறிச்சுக்கோ." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கமணிம்மா, அந்தப் பேப்பர ரெண்டு கையால தூக்கிப் புடிங்க. கொஞ்சம் அழுதாப்ல இருந்தாலும் நல்லாருக்கும்."

தங்கமணி பேப்பரைத் தூக்கவில்லை. மடியில் வைத்தபடியே அவரைப் பார்த்தாள். அவருக்கு மனு மறந்துபோயிருக்கும், வக்கீல் இல்லாமல் தடுமாறியிருப்பார், மேடை ஆசையில் நாளைக் கோட்டை விட்டிருப்பார் என்றெல்லாம்தான் இதுவரை நினைத்திருந்தாள். ஆறு வருஷப் பழக்கத்தில், அவரை முட்டாள் என்பதற்கு மேல் அவள் ஒன்றும் நினைத்ததில்லை. ஆனால் மணியைக் குறித்துக்கொள்ளச் சொன்ன அந்தச் சந்தோஷம் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"சார், ஒண்ணு கேக்குறேன். கையெழுத்தெல்லாம் போட்டு இருபது நாளா உங்க மேசமேலயே கெடந்துது. கொண்டாந்து குடுக்க வக்கீலு கூட வாணாம், நானே போதும். அன்னிக்கே ஏன் சார் குடுக்கல?"

அறிவுச்செல்வனின் கை நெஞ்சுக்குப் போனது. விவரம் தெரியாதவளுக்கு விளக்குகிற பொறுமையோடு சிரித்தார்.

"அன்னிக்கே குடுத்துட்டா அதுல இன்னாம்மா இருக்குது? கடைசி நாளு, கடைசி நிமிஷம்னு இருந்தாத்தானே நம்ம ரிப்போர்ட்டப் படிச்சு நிதி குடுக்குறவங்களுக்கு மனசு பதறும்!"